ராக்கப்பன் பசுவும் செல்லப்பாண்டி மோட்டாரும்

இடி எங்கே விழுந்தாலும் அது எந்தப் பாவத்துக்காக விழுந்தது என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இனம் ஒன்று நம்மிடையே உண்டு. ஆமத்தூர் செல்லப்பாண்டி அந்த இனத்தில் நல்ல வளர்த்தி.

பருத்திக்காடும், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பங்கும் உள்ளவர். பருத்திக்கு மழை கேட்டுக் கருப்பசாமிக்கு ஒரு சேவல், காயப்போட்ட வெடிக்கு வெயில் கேட்டு அதே கருப்பசாமிக்கு, அதே வாரத்தில், இன்னொரு சேவல் என்று நேர்ந்துகொள்வார். சாமி பாவம், என்ன செய்யும்? இரண்டு சேவலையும் செல்லப்பாண்டியே சாப்பிட்டார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஐப்பசி மழையில், பக்கத்து நிலத்துக்காரர் ராக்கப்பனின் பசு மின்னல் தாக்கிச் செத்தது. துக்கம் கேட்க வந்த செல்லப்பாண்டி பசுவைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

“கோயில் பொங்கலுக்கு வராம மதுரைக்குப் போனேல்ல? கருப்பன் சும்மா விடுவானாலே?”

சாயங்காலத்துக்குள் டீக்கடையெல்லாம் இதே பேச்சு. பேச்சு சாத்தூர் வரை போனது. ராக்கப்பன் மகள் அழகுமீனாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார், “சாமி குத்தம் உள்ள வீடாம்ல” என்று பின்வாங்கினார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மழையில் மின்னல் செல்லப்பாண்டியின் கிணற்று மோட்டாரைக் கருக்கியது. ராக்கப்பன் வந்து, பணிவாகத்தான் கேட்டார்:

“நீங்க என்ன குத்தம் செஞ்சீக, அண்ணாச்சி?”

“ஏலே, கூறு இருக்கா? இது மின்னல்லே! மேகமும் மேகமும் உரசுனா கரண்டு உண்டாகும், பூமியில எறங்கும். டிவியில அம்புட்டுத் தெளிவாச் சொன்னான். இதுல சாமி எங்கன வந்துச்சு?”

செல்லப்பாண்டியின் மனைவி முத்துமாரியம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

“அப்ப மாட்டுல எறங்குனது மட்டும் யாரு? இதையே சாத்தூர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. வந்தாத்தான் இங்கன சோறு.”

சோறு என்றதும் விஞ்ஞானம் கிளம்பியது. பஸ் நெடுக ராக்கப்பனுக்கு மேகத்தையும் கரண்டையும் விளக்கிக்கொண்டே போனார். மாப்பிள்ளை வீட்டில் காபி குடித்தார். தொண்டையைச் செருமினார்.

“கருப்பசாமி மன்னிச்சிருச்சு,” என்றார். “கனவுல வந்து எங்கிட்டயே சொல்லுச்சு.”

ராக்கப்பன் வாயைத் திறந்தார்; மகளை நினைத்து மூடிக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார் செல்லப்பாண்டி. அழகுமீனா அவரைத் தாண்டிப் போய் முத்துமாரியம்மாள் காலில் விழுந்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எதிர்வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது, அவர் செய்த பாவமெல்லாம் உங்களுக்கு வரிசையாக ஞாபகம் வந்ததே! உங்களுக்கு வந்தது மட்டும் வெறும் வாய்வு, இல்லையா?