குரூப் போட்டோவில் என் வாளி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மஸ்கட் ரூவியில் தட்டு கழுவி, பஹ்ரைன் குதைபியாவில் துணி தேய்த்து, துபாய் ஜெபல் அலி லேபர் கேம்புக்கு வந்து சேர்வதற்குள் எல்லா அவமானத்தையும் பார்த்து முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஒன்று பாக்கி இருந்தது.

கேம்பில் குளிக்க ஆள் வரிசையில் நிற்பதில்லை, வாளிதான் நிற்கும். பாத்ரூம் வாசலில் வாளியை வைத்துவிட்டால் அதுதான் ஆள். இன்னொருவர் வாளியை நகர்த்துவது அவர் சட்டையைப் பிடிப்பதற்குச் சமம்.

கேம்ப் கால்பந்து ஃபைனலுக்கு முந்தின நாள் காலை, வெல்டர் முத்தையா அண்ணனின் பச்சை வாளியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, என் சிவப்பு வாளியை முன்னால் வைத்தேன். (ஃபைனல் ஆடப்போகிற ஸ்ட்ரைக்கர் காத்திருக்கலாமா?) பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன். முத்தையா அண்ணன் ஈரத் தலையோடு ஓடுவதற்குள் டியூட்டி பஸ் போய்விட்டது. அவருக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.

எங்கள் கோச் சேவியர் அண்ணன், நாகர்கோவில்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சாயங்காலமே கூப்பிட்டுவிட்டார்.

"லேய், நாளைக்கு நீ ஆட வேண்டாம்."

"அண்ணே, அது பாத்ரூம் விசயம். கிரவுண்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"முத்தையா வரிசைய மதிக்காதவன் நம்ம ஜெர்சிய மதிப்பியால?"

"ஊர்ல மாமனார் வீடியோ கால்ல பாக்கப்போறாருண்ணே!"

"பாக்கட்டும். வாளிய எடுத்துட்டு வா. ஆடுறவனுக்குத் தண்ணி கொடு."

'எந்த வேலையிலும் நிலைக்காத மாப்பிள்ளை' என்று சொல்கிற மாமனாரிடம்தான், நான் கோல் போடுவதைப் பாருங்கள் என்று பீற்றியிருந்தேன். அவரும் மறுநாள் தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். மருமகன் சிவப்பு வாளியோடு கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தான். முத்தையா அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நான் செஞ்சது தப்புண்ணே" என்றேன், தலையைத் தூக்காமல்.

"சரி தம்பி. வாளியத் தள்ளி வை, மறைக்குது."

நான் இல்லாமலேயே மூன்று கோல். கோப்பை எங்களுக்கு. போட்டோவுக்கு ஓடிப்போய் நடுவில் நின்றேன். சேவியர் அண்ணன் என்னை விலக்கிவிட்டு அந்த இடத்தில் வாளியை வைத்தார்.

"பாத்ரூம் வாசல்ல உனக்குப் பதிலா இதுதானல நின்னுச்சு? இங்கயும் நிக்கட்டும்."

அந்தப் போட்டோவை மனைவி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் இழுத்துப்போய்க் காட்டுகிறாள்:

"நடுவுல சிவப்பா இருக்குல்ல, அதுதான் எங்கப்பா."