மாமனார் பக்கத்து முட்டி

பூங்காவைச் சுற்றி ஓடும்போது மூன்றாவது சுற்றில், சரியாக ரொட்டிக்கடை மூலையில், லஹ்சனின் இடது முட்டியின் வெளிப்பக்கம் சுரீர் என்றது. நொண்டவும் முடியாது. எதிரே காபிக்கடை வாசலில் மாமனார் ஹத்து செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

மருமகன் நொண்டுவதை அவர் பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனாரைச் சந்தைக்கு அழைத்துப் போவது இஃப்ரான் ஊரில் மருமகன் கடமை. ஒரு கட்டு புதினாவுக்கு இரண்டு மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர் அவர். வசந்த ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி என்று சொல்லித்தான் லஹ்சன் ஆறு மாதமாகத் தப்பித்து வருகிறான். மாமனார் கோபிக்கவில்லை. ஓடுவதற்குக் காலணிகூட அவரே வாங்கித் தந்தார், பாவம்.

வலியை ஹம்மாம் என்கிற பொதுக் குளியல்கூடத்தில் முதுகு தேய்க்கும் ஆளிடம் காட்டினான். அவர் காலைப் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினார். அதுவரை ஓடும்போது மட்டும் வலித்தது, பிறகு படியிறங்கும்போதும் வலித்தது.

"தொடையை எதுமேலயாவது போட்டு உருட்டுண்ணே, சரியாயிடும்" என்றான் தபால் நிலையத்தில் அடுத்த மேசைக்காரன்.

வீட்டில் உருண்டையாக இருந்தது சமையல் வாயு உருளைதான். அதன்மேல் படுத்து உருண்டான். அது அவனை விட்டுவிட்டு, படியில் தடதடவென்று இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது.

"அடுப்புல தஜின் குழம்பு வச்சிருக்கேன், உருளைய எங்கய்யா காணோம்?" என்று மனைவி இத்தோ கத்தினாள்.

"ஓடப் போயிருக்கு" என்றான். அன்றிரவு வெறும் ரொட்டிதான் கிடைத்தது.

கடைசியில் இயன்முறை மருத்துவர் ஸக்கியாவிடம் போனான்.

"முட்டில ஒண்ணுமில்ல. இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் வெளிப்பக்கமா ஒரு பட்டை ஓடுது பாருங்க, அது எரிச்சலாயிருக்கு. எங்க ஓடுறீங்க?"

"பூங்காவைச் சுத்தி."

"அந்த ரோடு வெளிப்பக்கம் சாஞ்சிருக்குமே! எப்பவும் ஒரே பக்கமாவா சுத்துறீங்க?"

"ஆமா. வலப்பக்கமா சுத்தினா மூலை திரும்பின ரெண்டு நொடியில மாமாவைத் தாண்டிடலாம். இடப்பக்கமா வந்தா நூறடி தூரம் நேருக்கு நேர். நின்னு கை குடுத்து, குடும்ப நலமெல்லாம் விசாரிக்கணும். அது சந்தையிலதான் போய் முடியும்."

ஸக்கியா பேனாவை மூடினார். "பள்ளத்துப் பக்கம் இருக்கற கால் தினமும் அடிவாங்குது. ஒரு வாரம் ஓட்டத்தைக் குறைங்க. ஒருக்களிச்சுப் படுத்துக் காலைத் தூக்கி இடுப்பை பலப்படுத்துங்க. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் எதிர்ப்பக்கமா சுத்துங்க."

"என் மாமாவை உங்களுக்குத் தெரியாது, டாக்டர்."

"உங்க முட்டியைத் தெரியும்."

ஒரு வாரம் காலைத் தூக்கினான். வலி பாதியாகக் குறைந்தது. எட்டாம் நாள் காலை, கணுக்கால்வரை தொங்கும் ஜெல்லாபா அங்கியை மாட்டி, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, இடப்பக்கமாக ஓடினான். நல்ல வெயில். எதிரே வந்த கழுதை மிரண்டு ஒதுங்கியது. மாமனாரின் தலை செய்தித்தாளுக்குள்ளேயே இருந்தது. பத்தடி, ஐந்தடி... தப்பித்தோம்டா சாமி என்று நினைத்த அந்த நொடியில் அங்கி காலில் சிக்கியது.

மாமனாரின் மேசையோடு சேர்ந்து விழுந்தான். தேநீர் அவன் மேலும், செய்தித்தாள் அதன் மேலும் விழுந்தன. முக்காடு விலகியது.

"மாப்பிள்ளையா!" ஹத்துவின் முகம் வெளிறிப்போனது. "அடி பலமா? ஞாயித்துக்கிழமை... ஓட முடியும்ல?"

"முடியாது போலிருக்கு, மாமா." லஹ்சனுக்கு அழுகையே வந்தது. "சந்தைக்கு... நானே கூட வரேன்."

"சந்தோஷம்" என்றார் ஹத்து, சாவுச் செய்தி கேட்டவரைப் போல. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல எழுந்து போனார்.

பரிமாறும் பூஅஸ்ஸா ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து லஹ்சனின் முட்டியில் வைத்தான். கீழே கிடந்த செய்தித்தாளை எடுத்து உதறினான்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? 'மாப்பிள்ளை ஓட்டத்தை நிறுத்திட்டா சந்தைக்குக் கூட வந்து என் பேரத்தைக் கெடுத்துடுவான்'னுட்டு, மனுஷன் ஆறு மாசமா உங்க தலையைப் பாத்தாலே பேப்பருக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு!"