மாப்பிள்ளை சொன்ன பால்பார்க் தேதி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்களும் என் மகளும், காலை நீட்ட இடமில்லாமல் அவள் வயிற்றை உதைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய மனிதரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதைக் கேட்டு நானும் சிரித்துவிடுவேன், விஷயம் காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுத்தில்.

விஷயம் இதுதான். பிரசவ நேரத்தில் நான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாக வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பத்து நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, போனில் தேதி கேட்டேன். "பால்பார்க்கா இருபதாம் தேதி மாமா" என்றீர்கள். நீங்கள் கட்டடக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவர், இதுவும் ஏதோ பெரிய ஆபீஸ் வார்த்தை, துல்லியம் என்று அர்த்தமாக்கும் என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம்" என்று போனை வைத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

மறுநாள் கண்ணாடிப் பட்டறையில் பெருமை தாங்காமல் எங்கள் ஃபிட்டரிடம், "என் மாப்பிள்ளை பால்பார்க்கா தேதியே சொல்லிட்டாருய்யா" என்றேன். அந்த ஆளுக்கு வார்த்தை பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக் குளியலறைக் கதவுக்கு அளவெடுக்கப் போனவன், டேப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, கையை விரித்துப் பார்த்து, "எழுநூற்று எண்பது மில்லி, பால்பார்க்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தான், நானும் முப்பது வருஷமாக அரை மில்லி பிசகாதவன் என்ற திமிரில் அப்படியே வெட்டி, சூளைக்கு அனுப்பிக் கெட்டிப்படுத்தி, கொண்டுபோய் மாட்டப் பார்த்தால் பதினோரு மில்லி கூடுதல், கெட்டிப்படுத்தின கண்ணாடியை மறுபடி வெட்ட முடியாது, வெட்டினால் தூள்தூளாகிவிடும், இப்போது அந்த வீட்டில் ஆளுக்கு ஆள் குளியலறை வாசலில் பெட்ஷீட்டைக் கட்டிக்கொண்டு குளிக்கிறார்கள், அந்த வீட்டு அம்மா தினமும் காலையில் போன் போட்டு என்னைக் கிழிகிழியென்று கிழிக்கிறார்.

அப்புறம்தான் முதலாளியின் தங்கை, ஆர்டர் எழுதுகிற பெண், என்னை உட்காரவைத்து அர்த்தம் சொன்னாள். "அண்ணே, அது அமெரிக்காக்காரங்க பேஸ்பால்னு ஒரு பந்து விளையாடுவாங்களே, அந்த மைதானம். பந்து மைதானத்துக்குள்ள விழுந்தா போதும், எந்த இடத்துலன்னு கேக்கக் கூடாது. சுமாரா, அவ்வளவுதான்."

"மைதானம் எப்படிம்மா சுமார் ஆச்சு?" என்றேன். கூட்டத்தைக் கண்ணால் பார்த்தே இத்தனை ஆயிரம் பேர் என்று சொல்லிவிடுவார்களாம், அதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்களாம். மைதானத்துக்கு மைதானம் வேலி வெவ்வேறு தூரத்தில் இருக்குமாம், அதனால்தான் என்று வேறு சிலர். "இதுல எதும்மா சரி?" என்று கேட்டேன். "அதுவும் பால்பார்க்தாண்ணே" என்கிறாள். என்னத்தைச் சொல்ல!

ஆனால் ஒன்று விசாரித்துவிட்டேன். அந்த விளையாட்டில் வேலிதான் இஷ்டத்துக்கு இருக்கும். ஓடுகிறவன் தொட வேண்டிய ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குத் தொண்ணூறு அடி, எல்லாப் பெரிய மைதானத்திலும். அப்படியானால் அவர்களுக்கும் அளவு தெரிந்திருக்கிறதல்லவா? ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் நாளைக்கே டாக்டரம்மாவைப் பார்த்து, சரியான தேதி, காலையா மாலையா, மணி எத்தனை என்று கேட்டு, கையெழுத்தோடு வாங்கி அனுப்புங்கள். இருபது முதல் இருபத்தைந்து வரை எனக்கு லீவு என்று பட்டறைப் பலகையில் எழுதியாகிவிட்டது. ஒரு நாள் முன்னே பின்னே போனாலும் என்னால் முடியாது. சுமாருக்கெல்லாம் வண்டி ஏறுகிற ஆள் நானில்லை.

மகளை மாடிப்படி ஏறவிடாதீர்கள். உங்கள் வேலையும் உடம்பும் குறைவில்லாமல் இருக்கட்டும். மூன்று பேருக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப டாக்டர் சுமாருன்னா சொன்னாங்க? பத்தாம் தேதின்னு சீட்டுல எழுதியே கொடுத்தாங்க. அதை நம்பித்தானே வெளியூர்ல கண்ணாடி மாட்டப் போனீங்க?" என்றாள்.

எழுதித்தான் கொடுத்தார்கள். நானும் பத்தாம் தேதி காலையில், லீவு வாங்கிக்கொண்டு, ஒரு நிமிஷம் பிந்தாமல் ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். என் மகளுக்கு அன்றைக்கு ஆறு நாள் வயது. என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அன்றைக்கு யாராவது ஒரு புண்ணியவான் பால்பார்க் என்று சொல்லியிருந்தால் நான் ஊரைவிட்டே நகர்ந்திருக்க மாட்டேன்.

டாக்டரம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பலகையில் எழுதினதை அழிக்கச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை வண்டிக்கு நானும் அத்தையும் கிளம்புகிறோம். இருபதுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது என்று வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். நான் வந்து காத்திருக்கிறேன், பெரிய மனிதர் அவர் சௌகரியப்படி வரட்டும்.