பெனா அத்தையின் நிலாப்பொடி

நிறுத்தமே இல்லாத ஊரில் பேருந்து நின்றது என்றால், அது பெனா அத்தையின் மகிமை. ஸ்லிவென் நகரத்திலிருந்து வரும் ஓட்டுநர் அவள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தானும் இறங்கி வரிசையில் நிற்பார்.

அத்தையிடம் இரண்டு சரக்கு. ஒன்று நிலாப்பொடி. பௌர்ணமியன்று மலையில் பறித்த மூலிகையாம். தின்றால் முகப்பரு ஓடிவிடுமாம். ஓடத்தான் செய்தது. இன்னொன்று ஈயம். ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றி, உறைந்த கட்டியைப் பார்த்துக் கண்ணேறு போட்டது யார் என்று சொல்லி, அதைக் கழித்தும் விடுவாள். பொடி வாங்கியவர்களே பிற்பாடு ஈயத்துக்கும் வந்தார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கவா வந்தார்கள்? சிலுவைக்குறி போட்டுக்கொள்ள வந்தார்கள்.

ரொட்டிக்கடையில் மாவு பிசையும் நெவெனாவும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பொடி தின்றாள். முகம் பளிங்காயிற்று. பிறகு விரல்கள் வீங்கின, முட்டி நொந்தது, காலையில் காய்ச்சல் அடித்தது. அத்தையிடம் ஓடினாள்.

ஈயக்கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அத்தை. "உன் அழகைப் பார்த்து ஒருத்தி வயிறெரியறா. உன்கூட வேலை செய்யறவ. பேரு 'ரா'வுல ஆரம்பிக்குது."

"ராலிட்சாவா!"

"நான் சொல்லலடி, ஈயம் சொல்லுது. பொடியை ரெண்டு பங்கா தின்னு."

சிறுவயதிலிருந்து கூடவே திரிந்த தோழி ராலிட்சாவிடம் நெவெனா அன்றோடு பேச்சை நிறுத்தினாள். கண்ணேறு தன்மேல் படாதிருக்கச் சட்டைக்குள் சிவப்புக் கயிறும் கட்டிக்கொண்டாள். வலி மட்டும் கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் காலை, மாவுத் தட்டு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முடியாமல் நின்றாள். ராலிட்சாதான் எடுத்து வைத்தாள்.

"என் கண்ணுக்கு இவ்வளவு சக்தி இருந்தா, முதல்ல நம்ம முதலாளியைத்தான்டி படுக்க வச்சிருப்பேன். வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். பொடியையும் எடுத்துக்கோ."

ரத்தத்தையும் பொடியையும் சோதித்த டாக்டர் கிர்ச்சேவா நெவெனாவைப் பார்த்துக் கேட்டார்:

"இது மூலிகைன்னு யாரும்மா சொன்னது? பருவுக்குக் கொடுக்கற மாத்திரையை இடிச்சு வச்சிருக்காங்க. ரொம்ப நாள் தின்னா சிலருக்கு உடம்போட காவல்படையே திசைமாறிடும். நோய்க்கிருமியை விட்டுட்டு சொந்த மூட்டுகளையே தாக்கும். உனக்கு அதான் நடந்திருக்கு. இன்னையோட நிறுத்து. பெரும்பாலும் சரியாயிடும். இன்னும் தின்னிருந்தா ஈரலும் போயிருக்கும்."

"அப்ப கண்ணேறு?"

"ரத்தத்துல அது தெரியலம்மா."

பொடியை நிறுத்திய சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. நெவெனா ராலிட்சாவோடு அதே பேருந்தில் ஏறி, அத்தையின் முற்றத்தில் இறங்கினாள். குரலை உயர்த்தினாள்.

"பொடி தின்னவங்க வலப்பக்கம் நில்லுங்க. தின்னாதவங்க இடப்பக்கம்!"

வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் பிரிந்தது.

"மூட்டு வலிக்காகக் கண்ணேறு கழிக்க வந்தவங்க உட்காருங்க!"

வலப்பக்கத்தில் பாதிப்பேர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். இடப்பக்கத்தில் ஒரே ஒரு கிழவர் உட்கார்ந்தார்.

"எனக்கு எண்பது வயசும்மா. இது வயசுக்கோளாறு, என்னைக் கணக்குல சேக்காதே" என்றார்.

"கண்ணேறு போடறவங்களுக்குப் பொடி தின்னவங்க மேல மட்டும் ஏன் இவ்வளவு ஆசை?" என்றாள் நெவெனா. வலப்பக்கத்தார் தங்கள் கையிலிருந்த பொட்டலங்களைப் பார்த்தார்கள்.

"கலகம் பண்ண வந்திருக்கா! பிசாசு புடிச்சவ!" அத்தை கத்தினாள்.

கதவோரம் அத்தையின் மகள் மிலென்கா நின்றிருந்தாள். முகமெல்லாம் பரு.

"அத்தை, ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் பொடி குடுத்தீங்க. சொந்த மகளுக்கு ஏன் குடுக்கல?" என்றாள் ராலிட்சா.

மிலென்கா பதில் சொன்னாள்: "எனக்கும் அதைத் தின்னா வலி வரும்னு அம்மா சொன்னாங்க."

ஒரு பெண் தன் பொட்டலத்தை அத்தையின் காலடியில் எறிந்தாள். பிறகு மழையாகப் பொட்டலங்கள். போலீஸ் வந்து பின்னறையைத் திறந்தபோது, பௌர்ணமி மூலிகை முழுவதும் வெற்று மாத்திரை அட்டைகளாய்க் குவிந்து கிடந்தது.

திரும்பும் வழியில் நெவெனா தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுடுடி" என்றாள்.

"ஈயம் சொன்னா மன்னிக்கறேன்" என்றாள் ராலிட்சா. இருவரும் சிரித்தார்கள்.

முன் இருக்கையிலிருந்த அம்மாள் ஓட்டுநரிடம் கவலையோடு கேட்டாள்: "இனி கண்ணேறு கழிக்க எங்கப்பா போறது? பக்கத்து ஊர்ல யாராச்சும் இருக்காங்களா?"

நெவெனா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "உடம்பு தன்னையே கடிச்சா டாக்டர் இருக்காங்கம்மா. புத்தியை நாமளே கழட்டிக் குடுத்துட்டா, எந்த ஆஸ்பத்திரியில திருப்பி மாட்டுவாங்க?"