வைகாசியில் ஒரு குரங்குக் குல்லா

எப்படியாவது பெண்டாட்டியைப் பயமுறுத்திவிடுவது என்று உதயகுமார் தீர்மானித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைகூட நடந்ததில்லை. அந்த வீட்டில் பயப்படுகிற வேலை எப்போதும் அவருடையதுதான். ஆனாலும் இந்த முறை வேறு வழி தெரியவில்லை.

விஷயம் இதுதான். அவர் ஒரகடத்தில் ஒரு மருந்து கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். கம்பெனி இமாசலப் பிரதேசத்தில், மலை மேல், தேவல்கோட் என்கிற சின்ன ஊரில் புதிதாக ஓர் ஆலை திறக்கிறது. "நம்ம உதயகுமார்தான் எங்க போட்டாலும் போறேன்னு சொன்னாரே" என்று மேனேஜர் அவர் பெயரை எழுதிவிட்டார். அப்படிச் சொன்னது உண்மை. மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும், மார்பைத் தட்டிச் சொன்னார். மிஞ்சிப்போனால் செங்கல்பட்டில் போடுவார்கள் என்று நினைத்துச் சொன்னது.

இப்போது மாட்டேன் என்றால் வேலை போகாது, மானம் போகும். ஆனால் "வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க சார்" என்றால் எந்த மேனேஜரும் மேற்கொண்டு பேசமாட்டார். அவருக்கும் வீடு இருக்கிறது. ஆகவே கமலவேணி தன் வாயால் "நான் வரமாட்டேன்" என்று சொல்லியாக வேண்டும்.

உதயகுமாருக்குக் காஞ்சிபுரத்தை விட்டுப் போக மனசில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. சாயங்காலம் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்துக்கு எதிர்ப்படியில் போய் உட்காருவார். பக்கத்தில் சினேகிதர் நமச்சிவாயம். ஆளுக்கொரு டீ. அவர் தன் மூட்டுவலியைச் சொல்வார், இவர் தன் நெஞ்செரிச்சலைச் சொல்வார். இருட்டினால் எழுந்து வருவார்கள். ஐம்பது வயதில் யோசித்துப் பார்த்தால் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு படிதான். அதை விட்டுவிட்டுப் பனியில் போய் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கமலவேணி உளுந்து களைந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தார்.

"கமலா, அந்த ஊர்ல குளிர்காலத்துல கொழாயில தண்ணி வராதாம். உறைஞ்சி போயிடுமாம்."

"இங்க வெயில் காலத்துலயே வர்றதில்ல."

"மாவு பொங்காதும்மா. இட்லியே கெடையாது."

"அப்ப மாவாட்டற வேலையும் இல்ல."

"தமிழ்ல பேச ஒரு ஆளு இருக்கமாட்டான். நம்ம பொண்ணு கீர்த்தியும் கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருக்குறா. நாள் பூரா நீயும் நானுந்தான்."

இதற்கு மட்டும் அவள் முகம் கொஞ்சம் வாடியது. உதயகுமாருக்குத் தெம்பு வந்தது.

"அவ்ளோ ஏன், போய்ச் சேர்றதே பெரும்பாடு. ரெண்டு ராத்திரி ரயிலு. அப்புறம் பஸ்ஸு. அப்புறம் ஜீப்பு. மழை பேஞ்சா அந்த ஜீப்பும் இல்ல."

கமலவேணியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"அப்ப சொந்தக்காரங்க யாரும் வரமாட்டாங்க?"

"யாரு வருவா? நாம செத்தாக்கூட வீடியோ கால்லதான் பாப்பாங்க."

அவள் சுவரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சரியான இடத்தில் அடித்துவிட்டோம் என்று உதயகுமார் எழுந்து போனார். அன்றைக்கு அவருக்கு நெஞ்செரிச்சல் இல்லை.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் அவர் செய்த தப்பு அவனுக்கு விளங்காது. காஞ்சிபுரத்தில் குடியிருப்பவனுக்கு இந்த உலகத்தில் எங்கே கல்யாணம் நடந்தாலும் அது தன் வீட்டில் நடக்கிற மாதிரிதான். பட்டுப்புடவை எடுக்க வேன் பிடித்து வருவார்கள். நேராகக் கடைக்குப் போகலாம், போகமாட்டார்கள். முதலில் வீடு. டிபன். அப்புறம், "கமலா ஐயம்பேட்டை நெசவுக்கார வீட்டுப் பொண்ணாச்சே, ஜரிகையைத் தொட்டே சொல்லிடுமே" என்று அவளையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. மறுபடி கடை. கடைசியில் முதலில் பார்த்த கடையில் முதலில் பார்த்த புடவையையே எடுப்பார்கள். கமலவேணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு முகூர்த்தமும் தப்பியதில்லை. உதயகுமார் அந்த நேரங்களில் வழக்கம்போலப் படிக்குப் போய்விடுவார்.

களைந்த அந்த உளுந்தும் மறுநாள் போளூரிலிருந்து வரப்போகிற அவருடைய அக்கா அங்கம்மாளுக்காகத்தான். அக்கா வேன் நிறைய ஆளோடு வந்தாள். அத்தனை பேரும் சாப்பிட்டார்கள், கடைக்குப் போனார்கள், திரும்பி வந்து சாப்பிட்டார்கள். பொழுது சாய்ந்து வேனில் ஏறும்போது அங்கம்மாள் சொன்னாள்.

"சித்திரை கழியட்டும் கமலா. வைகாசில எங்க நாத்தனார் பொண்ணு கல்யாணம். அவங்க ஆளுங்க கொஞ்சம் ஜாஸ்தி."

வேன் தெருமுனை திரும்பியது. கமலவேணி வீங்கின காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, அந்த ஊருக்கு எப்பக் கெளம்பணும்?"

உதயகுமார் அவசரமாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குளிரும் கமலா."

"போத்திக்கலாம்."

"வழியில மலை சரியுமாம்."

"நல்லதாப் போச்சு. வழி அடைஞ்சிடும்."

அன்றிலிருந்து உதயகுமாருக்குக் கெட்ட காலம். கமலவேணி ரெண்டு குரங்குக் குல்லா வாங்கினாள். கம்பளிகளை வெயிலில் காயப்போட்டாள். கொத்தமல்லி விற்க வந்தவனிடம் இந்தியில் பேசிப் பார்த்தாள். உட்கார்ந்து ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் போன் போட்டுச் செய்தி சொன்னாள். அங்கம்மாள் போனிலேயே அழுதுவிட்டாள். "நீங்க போயிட்டா நாங்க எங்கடி எறங்குவோம்?" என்பதுதான் அவளுடைய துக்கம். தம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

படியிலும் ஆறுதல் கிடைக்கவில்லை.

"எப்பக் கெளம்பற குமாரு?" என்றார் நமச்சிவாயம்.

"இன்னும் முடிவாவல."

"இல்ல, ஜெயக்குமாரு கேட்டுக்கினு இருந்தான். உன் எடத்துல அவன் உக்காரலாமான்னு. அவனுக்கும் மூட்டுவலியாம்."

உதயகுமாருக்கு டீ இறங்கவில்லை. தான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, அதற்குள் இடம் போய்விட்டதே என்று மனசு உடைந்துபோனது. எதிரே கோபுரம் நிற்கிறது, புறாக்கள் உட்காருகின்றன, நாளைக்கும் உட்காரும். தன்னை யாரும் தேடப்போவதில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் கமலவேணி கம்பளியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். உதயகுமார் அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கமலா, எனக்குப் போவ வேணாம்."

"இன்னாது?"

"நான் போவமாட்டேன். எனக்கு இந்த ஊரு போதும். நீ வரமாட்டேன்னு சொல்லுவேன்னுதான் அப்படியெல்லாம் சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கமலவேணி மூட்டை கட்டுவதை நிறுத்தினாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். குளிரைப் பத்திச் சொல்றப்பவே உங்களுக்குத்தான் ஒடம்பு நடுங்கிச்சு."

"அப்ப நீ போவணும்னு நின்னது?"

"இட்லி இல்லாத ஊருக்கு எவ போவா?"

உதயகுமாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அவ்வளவு நிம்மதி.

"நாளைக்கு உங்க மேனேஜர்கிட்ட நானே பேசறேன். நான்தான் முடியாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கறேன்னு சொல்லிக்குங்க, எனக்கு ஒண்ணும் மானக்கேடு இல்ல. ஆனா ஒண்ணு. உங்க அக்காகிட்டயும் மத்தவங்ககிட்டயும் போறோம்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

இத்தனை மலிவாகத் தப்பித்தோமே என்று உதயகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே படிக்குப் போய், உட்கார்ந்திருந்த ஜெயக்குமாரை எழுப்பிவிட்டு, வீட்டில் தான் ஒரு சத்தம் போட்டதையும் கமலவேணி அடங்கிப்போனதையும் நமச்சிவாயத்திடம் விவரமாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் தான் ஊரில் இல்லை என்று சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். கமலவேணி போனில் பேசியதும் மேனேஜரும் அவர் பெயரை அடித்துவிட்டார். சித்திரை பூராவும் சந்தோஷமாகப் போயிற்று.

அப்புறம் வைகாசி வந்தது.

தம்பி மலைக்குப் போய்விட்டான் என்பதற்காக அங்கம்மாள் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு வேறு ஊரிலா புடவை எடுப்பாள்? லாட்ஜில் ரூம் போட்டுக்கொண்டு இங்கேதான் வந்தாள், மூன்று நாளைக்கு. அவர்கள் நடக்கிற தெருவும் உதயகுமார் நடக்கிற தெருவும் ஒன்றுதான். கமலவேணி முன்வாசலை வெளியே பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கம்பெனிக்கு லீவு சொல்லச் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், கத்திரி வெயில் சுவருக்குள்ளேயே இறங்கியிருந்த நேரம், வீடியோ கால் வந்தது. கமலவேணி குல்லாவை அவர் தலையில் மாட்டிக் கம்பளியைப் போர்த்திவிட்டு ஃபேனை நிறுத்தினாள்.

"ஃபேனு எதுக்கு நிறுத்தற?"

"மலையில ஃபேன் சத்தம் கேக்குமா?"

போனில் அக்கா முகம் தெரிந்தது. "தம்பி, நல்லா இருக்கியாப்பா? குளிரு எப்படி?"

"எலும்பு வரைக்கும் போவுதுக்கா."

"மூஞ்செல்லாம் தண்ணியா கெடக்குதே?"

"பனிக்கா. உருகி வழியுது."

"பாவம்டா நீ. உன் வீட்டைத் தாண்டிதான் வந்தோம். பூட்டிக் கெடக்குது, பாத்ததும் அழுகை வந்துச்சு. கால் வலிக்குதுன்னு இங்க உக்காந்துட்டேன். எங்க இருக்கேன் பாரு."

அவள் போனைத் திருப்பினாள். கோபுரம் தெரிந்தது. புறாக்கள் தெரிந்தன. அங்கம்மாள் உட்கார்ந்திருந்தது அவருடைய படியில். கையில் டீ. பக்கத்தில் நமச்சிவாயம், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"அங்க டீ எல்லாம் கெடைக்குதா குமாரு?"

உதயகுமார் கம்பளி முனையால் கண்ணைத் துடைத்தார். தம்பிக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று அங்கம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

கமலவேணி பின்வாசல் காற்றில் உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உதயகுமார் குல்லாவைக் கழற்றித் தூர எறிந்தார். அவள் ஒரு நுங்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தக் குல்லாவப் பத்திரமா எடுத்து வைங்க. ஆனி முடியற வரைக்கும் முகூர்த்தம் இருக்குது."