மாமியார் எடுத்துப் போன கைத்தடி

என் முட்டி விஷயத்தில் இனி முடிவெடுப்பவன் நான்தான். டாக்டர் நெர்மீனின் அறையிலிருந்து வெளியே வரும்போதே இப்படித் தீர்மானம் செய்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் நான் தீர்மானித்தது என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நான் குளிக்கும் நேரம்கூட என் மனைவி இன்ஷிராஹ் சொல்வதுதான்.

ரஷீத் நகரில் பாதி வீடுகளுக்குத் தரைக்கல் பதித்தவன் நான். ஆயுள் முழுக்க மண்டி போட்டே பிழைத்தவனுக்கு முட்டி தேயாமல் என்ன செய்யும்? எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், வழிகள் இருக்கின்றன என்றார். தினமும் நடந்து, காலுக்குப் பயிற்சி கொடுத்து, உடம்பைக் குறைக்கலாம்; குணம் மெதுவாகத்தான் தெரியும், விடாமல் செய்ய வேண்டும். ஊசி போட்டால் சில வாரம் தாங்கும். இல்லையென்றால் அறுவை சிகிச்சை செய்து மூட்டையே மாற்றலாம். பெரும்பாலும் வலி போகும்; ஆனால் தேற மாதக்கணக்காகும், அதற்கும் பயிற்சி உண்டு, பிறகு மண்டி போடுவது பலருக்குச் சிரமம். அவசரமில்லை, உங்களுக்கு எது முக்கியமோ அதை வைத்து முடிவு செய்வோம் என்றார். நான் பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்தேன்.

“அவங்களப் பாக்காதீங்க ஹாஜி, முட்டி உங்களுது. இதால எது செய்ய முடியாமப் போனது உங்களுக்கு ரொம்ப வருத்தம்?”

எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானே பதித்த பள்ளிவாசல் தரையில் மற்றவர்கள் நெற்றி வைப்பதைப் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மனைவி முன்னால், ஒரு டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லிக் கண் கலங்கவா முடியும்? சீக்கிரம் வலி போனால் போதும் என்றேன். இரண்டு பேரும் வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

பேசினோம். அதாவது, இன்ஷிராஹ் பேசினாள். நடை, பயிற்சி, பஸ்பூசாவுக்கு முழுக்கு. நெய் சொட்டும் அந்த ரவைக் கேக் இல்லாமல் எனக்கு மாலை நேரம் என்று ஒன்று கிடையாது. எனக்கோ மூட்டு மாற்றத்தில்தான் ஆசை. டாக்டர் சொன்ன சிரமமெல்லாம் காதில் ஏறவில்லை. மாதக்கணக்கில் படுத்துக்கொண்டே உபசாரம் பெறலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆனால் அவளோடு வாதாடி ஜெயித்தவர் ஒரே ஒருவர், அவளுடைய அம்மா தஃபீதா. அவர் மண்ணுக்குள் போய் வருஷங்கள் ஆகின்றன. அதனாலென்ன? எங்கள் ஊரில் செத்தவர்கள் கனவில் வந்து சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பாலைவனத்திலிருந்து கம்சீன் காற்று வீசிய பகல் அது. ஜன்னல்களையெல்லாம் அடைத்தும் மணல் உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பழைய செம்பின் நிறத்தில் இருந்தது. அப்போதுதான் தூங்கி எழுந்தவன்போல் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“உங்கம்மா வந்தாங்க, உம் ஹம்தி. மூட்ட மாத்திக்கப்பான்னாங்க.” மகன் ஹம்தியின் பெயரைச் சேர்த்து, ஹம்தியின் அம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன்.

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “எதையாவது குடுத்தாங்களா, எடுத்தாங்களா?”

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கதைக்கு மெருகேற்றும் ஆசையில் வாய் முந்திக்கொண்டது.

“என் கைத்தடிய எடுத்துக்கிட்டாங்க. இனிமே இது உனக்குத் தேவப்படாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. செத்தவர் கனவில் வந்து கொடுத்தால் நல்லது. எடுத்துப் போனால், பின்னாலேயே ஆளையும் அழைத்துக்கொள்வார். பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இன்ஷிராஹ் பக்கத்தில் வந்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நான் கேட்காமலே தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். சாகப்போகிறவனுக்குச் செய்யும் உபசாரம் அது.

மறுநாள் காலையில் கட்டிலோரம் சாத்தியிருந்த கைத்தடியைக் காணோம். கேட்டதற்கு, அதான் அம்மா எடுத்துக்கொண்டாரே என்றாள். திட்டவே இல்லை. அவள் திட்டாத வீட்டில் நான் இதுவரை குடியிருந்ததில்லை. வெளியே காற்று கதவை நகத்தால் பிறாண்டியது. பூட்டியே கிடக்கும் அறையிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. மாமியார் எந்நேரமும் கிராம்பு மெல்லுவார். தேநீர்த் தட்டில் மூன்று குவளைகள் இருந்தன. மூன்றாவது யாருக்கு என்று கேட்காமல் எழுந்து போனேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அதில் பாதி காலி. இன்ஷிராஹ் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பொய் எனக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பதுபோல் இருந்தது.

அவள் கீழே வந்ததும் கேட்டுவிட்டேன். “இதுக்கு மாத்து ஏதும் இருக்கா, உம் ஹம்தி?”

“அம்மா எனக்கும் வந்தாங்க,” என்றாள் நிதானமாக. “தினமும் வெயில் தாழ அஸர் தொழுதுட்டு அவங்க கபர் வரைக்கும் நடந்து போய் ரொட்டி தர்மம் பண்ணணுமாம். வண்டில போனா செல்லாதாம். காலைலயும் சாயங்காலமும் நாற்காலில உக்காந்து கால நீட்டி மடக்கணுமாம். வீட்டுல பஸ்பூசா வாசனை வந்தா இங்கேயே தங்கிடுவாங்களாம்.”

“செத்தவங்களுக்கு என் கால் எதுக்கு?”

“நான் கேக்கல. வேணும்னா நீங்க கேளுங்க. இன்னிக்கும் வருவாங்க.”

நான் கேட்கவில்லை. காலை நீட்டினேன்.

அவள் தோளைப் பிடித்தபடி நொண்டி நொண்டி நடந்தேன். ஆரம்பத்தில் தெருமுனைக்கே மூச்சு வாங்கியது. கல்லறையடியில் ரொட்டி வாங்கிப் போகிறவர்கள் என்னை உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பி வரும்போது பேரீச்ச மரங்களுக்கு நடுவே மூன்றாவது ஆளின் காலடி கேட்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும். பயத்தில் வேகமாக நடக்கப் பழகினேன். இடுப்புப் பட்டை தளர்ந்தது. மாடிப்படி ஏறும்போது முனகுவதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. இடையில் டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அப்படியானால் இப்படியே போகட்டும், அறுவை பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்றார்.

பேரீச்சை சிவந்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை, நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு மெல்ல மண்டியிட்டேன். முட்டி முணுமுணுத்தது, மறுக்கவில்லை. என் கையால் பதித்த கல்லின் குளிர்ச்சி நெற்றியில் பட்டது. எழுந்திருக்க மனசு வரவில்லை. அழுதேன், யார் பார்த்தால் என்ன என்று.

வீட்டுக்கு வந்ததும் பொய்யை இனியும் வைத்திருக்க முடியவில்லை. முளூகியா கீரை ஆய்ந்துகொண்டிருந்த இன்ஷிராஹ் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கனவும் இல்லை, உன் அம்மாவும் இல்லை, எல்லாம் நான் கட்டிய கதை, நீயும் அதற்கேற்ற கதை கட்டி என்னை நடக்க வைத்துவிட்டாய் என்று சொல்லி, அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“தெரியும். உங்க கனவுக்கு வரவே இல்லன்னு அம்மா அன்னிக்கே வந்து சொல்லிட்டாங்க.”