சொந்தக் கையால் ஒரு மோச்சி

தொலைபேசி அடித்தபோது பல் டாக்டரின் பத்து விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

எத்தனையோ பேருடைய கடைவாய்ப் பல்லை அசைத்து அசைத்துப் பிடுங்கிய கைகள் அவை. இப்போது ஒரு கிண்ணம் மாவிலிருந்து தங்களைப் பிடுங்கிக்கொள்ள முடியாமல் தவித்தன. வலது கையை இழுத்தால் இடது கை கூடவே வந்தது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் கிண்ணமே வந்தது.

"என்னங்க! போன் அடிக்கிறது காதுல விழலியா?"

கணவர் செய்தித்தாளை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, சாவகாசமாக வந்து எடுத்தார். "ஆமாங்க... இருக்காங்க, கை வேலையா இருக்காங்க. சரி, சொல்லிடறேன்." வைத்துவிட்டுத் திரும்பினார். "வக்கீலம்மா. அஞ்சு மணிக்குப் பதிலா நாலு மணிக்கே வந்துடறாங்களாம். நாக்கு ஊறுதாம்."

"இப்ப மணி என்ன?"

"ஒண்ணே முக்கால்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான்கு தோழிகள். பல் டாக்டர், வக்கீல், ஒரு பள்ளியின் தலைமையாசிரியை, மாடி வீட்டு அக்கா. நால்வரும் நீச்சல் வகுப்பில் சிநேகிதமானவர்கள். நீச்சலை மூன்றே வாரத்தில் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு சாப்பிடும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தி வீட்டில் கூடி, கதை பேசிக்கொண்டே எல்லோருமாகச் சமைப்பார்கள். ஆனால் இனிப்பு மட்டும் அந்த வீட்டுக்காரியின் பொறுப்பு. அதுவும் ஜப்பான், தாய்லாந்து என்று தூர தேசத்து இனிப்பாக இருக்க வேண்டும். முக்கியமாக, அவள் தன் சொந்தக் கையால் செய்ததாக இருக்க வேண்டும். "கடையில வாங்கினது வாசப்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினா அந்த ஆளும் நம்ம கூட்டத்துல கிடையாது" என்று வக்கீல் முதல் நாளே சட்டம் போட்டிருந்தாள்.

வக்கீல் வீட்டில் மாம்பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பசையரிசி இனிப்பு கிடைத்தது. மாடி வீட்டு அக்கா கறுப்பு எள்ளில் ஒரு புட்டிங் செய்து எல்லோரையும் வாயடைக்க வைத்தாள். போன மாதம் தலைமையாசிரியை, பச்சையும் வெள்ளையுமாக ஒன்பது அடுக்கில் ஒரு கேக் வைத்தாள். அடுக்கு ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி இருந்தது.

அதோடு டாக்டர் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஊராரின் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவள் தன் வாயை மூட மறந்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஒரு சிட்டிகை உப்புதான் குறையுது. அடுத்த மாசம் வாங்க, என் கையால மோச்சி சாப்பிட்டுப் பாருங்க."

"மொச்சையா?" என்றாள் மாடி வீட்டு அக்கா.

"மொச்சை இல்லக்கா, மோச்சி! ஜப்பான்காரங்க செய்வாங்க. பஞ்சு மாதிரி மாவு, உள்ள மாம்பழ ஐஸ்கிரீம்."

அப்படிச் சொன்ன அந்த நிமிடம் வரை அவள் மோச்சியைப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

"ஏம்மா," என்றார் கணவர், சமையலறை வாசலில் தயங்கி நின்றபடி. "அதை முதல்ல ஆவியில வேக வச்சிட்டு, அப்புறம்தான் கையில தொடணுமோ என்னவோ."

"உங்களுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா?"

"அதில்ல... பாத்தா அப்படித் தோணிச்சு."

"தோணும், தோணும். தினமும் காலைல நூலகத்துக்குப் போறேன்னு கிளம்பிப் போறீங்களே, அங்க என்ன சமையல் புத்தகமா படிக்கிறீங்க?"

கணவர் பதில் சொல்லவில்லை. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து எதற்கும் பதில் சொல்லாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துவந்தார்.

"வக்கீல் வீட்டுக்காரர் தேங்காய் துருவிக் குடுத்தாராம். நான் அதெல்லாம் கேக்கல. யோசனை சொல்லாம இருங்க, போதும்."

அவள் சிந்தித்தாள். மாவு ஒட்டுகிறது என்றால் தண்ணீர் அதிகம். தண்ணீர் அதிகம் என்றால் மாவு சேர்க்க வேண்டும். பசையரிசி மாவில் இன்னும் ஒரு பாக்கெட்டுதான் மீதி இருந்தது, அதைத் தொட மனம் வரவில்லை. சாதாரண அரிசி மாவு டப்பா நிறைய இருந்தது. அதுவும் அரிசிதானே? முழங்கையால் டப்பாவைத் தட்டிக் கவிழ்த்தாள்.

ஐந்தே நிமிடத்தில் மாவு ஒட்டுவதை நிறுத்திவிட்டது. தன்னோடு தானே ஒட்டுவதையும் நிறுத்திவிட்டது. பிடித்த உருண்டையெல்லாம் ஆற்று மணல் போல உதிர்ந்தது.

"கொஞ்சம் வெந்நீர் ஊத்தி மிக்ஸியில ஒரு சுத்து விட்டா சரியாயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"சூடா ஊத்தினா மூடி..." என்று வாசலிலிருந்து ஒரு குரல் ஆரம்பித்தது.

அவள் திரும்பி முறைத்தாள். குரல் நின்றது. மிக்ஸி ஓடியது.

மூடி பறந்து ஜன்னல் கம்பியில் மோதியது. மாவு அதற்கும் மேலே போயிற்று. அண்ணாந்து பார்த்தபோது, கூரையில் ஒரு கைக்குட்டை அளவுக்கு வெள்ளையாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நூல் மெல்ல நீண்டு, விளக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

கணவர் ஒரு முக்காலியும் துணியுமாக உள்ளே வந்தார்.

"வேண்டாம்! ஒண்ணும் செய்ய வேண்டாம்! நாலு மணி வரைக்கும் இந்த வீட்டுப் பக்கமே வராதீங்க. நீங்க பின்னாடி நின்னு பாத்தாலே எனக்கு வேலை ஓடல."

"ஞாயித்துக்கிழமை எங்கம்மா போறது?"

"எங்கயாவது!"

அவர் முக்காலியை ஓரமாக வைத்தார். துணியை மடித்து அதன்மேல் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த நிதானம்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருத்தியின் மானம் போகிற நேரத்தில் துணியை மடித்து வைக்கிற மனுஷனை என்ன செய்வது?

கடைசி பாக்கெட்டைப் பிரித்தாள். இந்த முறை ஓவனில் வைத்துவிடுவது என்று தீர்மானம். எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை, பத்து என்று வைத்தாள். பத்தாவது நிமிடம் ஓவன் மணியடித்தது. வெளியே வந்த பொருளைச் சுண்டிப் பார்த்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது. கத்தி இறங்கவில்லை. பல் செட்டுக்கு அச்சு எடுக்க இதைவிட நல்ல சாமான் தன் கிளினிக்கில்கூட இல்லை என்று பட்டது.

மேடையில் வைத்திருந்த மாம்பழ ஐஸ்கிரீம் இதற்குள் மாம்பழ ரசமாகியிருந்தது.

மணி இரண்டரை. டாக்டர் தரையில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியையின் ஒன்பது அடுக்கு கேக் கண்முன்னே வந்து நின்றது. ஒரு சிட்டிகை உப்பு குறைகிறதென்று சொன்ன நாக்கைத் தன் இடுக்கியாலேயே பிடித்து இழுக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் அந்த எண் நினைவுக்கு வந்தது. போன வாரம் ஒரு ஆள் நான்கு சொத்தைப் பல்லோடு வந்தார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதற்கு, பின்தெரு இனிப்புக் கடையின் மோச்சியைப் பற்றிக் கால்மணி நேரம் வாயில் பஞ்சோடு வர்ணித்தார். மற்ற நோயாளிகளை எச்சரிப்பதற்காக அவள் அந்தக் கடையின் எண்ணை எழுதி வைத்திருந்தாள்.

"மோச்சி இருக்கா?"

"ஞாயித்துக்கிழமை அதெல்லாம் போடறதில்லை மேடம்."

"அவசரம். மானப் பிரச்சினை. எட்டே எட்டு போதும்."

"இனிப்புல என்ன மேடம் மானப் பிரச்சினை... இருங்க, கேட்டுப் பாக்கறேன்." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரச் சத்தம், பேச்சு. "சரி மேடம், செஞ்சு தரோம். விலாசம் சொல்லுங்க."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து பெட்டியை நீட்டினாள். டாக்டர் வாங்கிய கையோடு கதவைச் சாத்தினாள். எட்டு மோச்சி, குழந்தையின் கன்னம் மாதிரி. தட்டுக்கு மாற்றினாள். பார்க்க ரொம்ப ஒழுங்காக இருந்தது, சந்தேகம் வரும். ஒன்றைக் கொஞ்சம் அமுக்கினாள். மேலே மாவைக் கண்டபடி தூவினாள். காலிப் பெட்டியை வாஷிங் மெஷினுக்குள் திணிக்கவும் அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மூன்று பேரும் காய்கறிப் பைகளோடு வந்தார்கள். வக்கீல் பையைக் கீழே வைக்குமுன்பே தட்டைப் பார்த்துவிட்டாள்.

"சமையல் அப்புறம். முதல்ல இது."

ஆளுக்கொன்று எடுத்துக் கடித்தார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லா இல்லையா?" என்றாள் டாக்டர், குரல் உள்ளே போய்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் வக்கீல். அவள் குரலில் கோர்ட்டு வாடை அடித்தது. "மாவை எவ்வளவு நேரம் ஆவியில வச்சே?"

"அது... வேகற வரைக்கும்."

"சக்கரை எப்ப சேத்தே?"

"மாவுக்கு முன்னாடி. இல்ல, பின்னாடி. ரெண்டு தடவை."

"பல்லு பிடுங்கற டாக்டர் பல்லுல ஒட்டற இனிப்பு செய்யறதே தப்பு" என்று மாடி வீட்டு அக்கா சிரித்தாள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. போன மாதத்து உப்பு அவள் நெஞ்சில் இன்னும் கரையாமல் கிடந்தது.

"சொன்னா புரியாது டாக்டர். மாவு கொஞ்சம் மீதி இருக்குமே, எங்க கண்ணு முன்னாடி ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்று அவள் எழுந்து சமையலறைக்கு நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். டாக்டர் ஓடிப்போய் மறிப்பதற்குள் மூவரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன?" என்றாள் வக்கீல்.

"பதம் பாக்கறது," என்றாள் டாக்டர். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "ஜப்பான்ல அப்படித்தான். மேல வீசணும். ஒட்டினா பதம் வந்துடுச்சுன்னு அர்த்தம். விழுந்தா இன்னும் பிசையணும்."

"அப்படியா?" மாடி வீட்டு அக்கா கிண்ணத்து அடியில் மிச்சமிருந்ததை வழித்து ஒரே வீச்சாக வீசினாள். அது ஒட்டியது. அக்காவுக்கு ஏக சந்தோஷம். தலைமையாசிரியை வீசியது ஒட்டாமல் வக்கீலின் கொண்டையில் இறங்கியது. வக்கீல் அதை எடுக்கப் பார்க்க, கொண்டையும் கையும் ஒன்றாகிப் போயின.

"தண்ணி! தண்ணி விடுங்க!"

"தண்ணி பட்டா இன்னும் ஒட்டும்!"

"அப்ப எப்படித்தான் போகும்? செஞ்சவ நீதானே, சொல்லு!"

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று டாக்டர் வாயைத் திறந்தபோது, கூடத்தில் குரல் கேட்டது. பதற்றத்தில் வாசல் கதவை யாருமே சாத்தியிருக்கவில்லை.

"மேடம்! மேல தூவற எள்ளுப் பொடி. பெட்டியோட சேத்து வைக்க மறந்துட்டாங்க, ஓடிப்போய்க் குடுத்துட்டு வரச் சொன்னாங்க." ஸ்கூட்டர்காரப் பெண் கையில் ஒரு சின்ன டப்பாவோடு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

தலைமையாசிரியையின் முகம்தான் முதலில் மலர்ந்தது.

"பெட்டியோட சேத்தா? எந்தப் பெட்டி டாக்டர்?"

"கடையில வாங்கினது வாசப்படி தாண்டிடுச்சு" என்று வக்கீல் தீர்ப்பு வாசிக்க ஆரம்பித்தாள், ஒரு கை தலையிலேயே ஒட்டியிருக்க.

ஸ்கூட்டர்காரப் பெண் குரல் வந்த பக்கம் திரும்பினாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வக்கீலம்மா! மாம்பழ இனிப்பு நல்லா இருந்துச்சா? ஹெட்மிஸ் மேடம், உங்களுக்கு ஒன்பது அடுக்கு கேக் கொண்டாந்தது நான்தான். எள்ளு புட்டிங் மாடி வீடுதானே? எல்லாரும் நம்ம கஸ்டமர்! எல்லாமே எங்க மாஸ்டர் ஒருத்தர் கைதான் மேடம். அவரு கை பட்டாதான் அந்த ருசி."

இப்போது மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். டாக்டருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் மாடி வீட்டு அக்கா சிரித்தாள். தலைமையாசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் வக்கீலும் தன் கொண்டையோடு சேர்ந்து குலுங்கினாள்.

"நாலு மாசமா யாரோ ஒருத்தர் சமையலை நாலு பேரும் மாத்தி மாத்தி மெச்சிக்கிட்டு இருந்திருக்கோம்," என்றாள் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த மாஸ்டரைப் பாத்தா கையைப் பிடிச்சு கும்பிடணும்."

அந்த நேரத்தில் கணவர் உள்ளே வந்தார். நாலு மணி தாண்டிவிட்டதா என்று சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டார். ஓரமாக இருந்த முக்காலியைக் கூரைக்கு நேராக இழுத்துப் போட்டார். மடித்து வைத்த துணியை எடுத்தார். அதன் பிறகுதான் வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வந்துட்டீங்களா? ஒண்ணும் தெரியாத மனுஷன், நீங்க பேசாம..." என்று டாக்டர் ஆரம்பித்தாள்.

ஸ்கூட்டர்காரப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கே மாஸ்டர்! நீங்களும் இந்த வீட்டுக்குத்தான் வரணும்னா, செஞ்சதைக் கையோட எடுத்துட்டு வந்திருக்கலாமே, என்னை எதுக்கு இந்த வெயில்ல ரெண்டு தடவை அலைய விட்டீங்க?"